‘பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்!

கசிவு, கனம், வலி... பிரசவத்துக்குப் பிறகு உடற்பயிற்சிக்கும் வேலைக்கும் திரும்பும் அம்மாக்கள் வெளியே சொல்லாத சங்கதி

கொச்சி, இடப்பள்ளி. டோல் ஜங்ஷனிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்ட்டி ஹால். காலை ஆறு மணி. நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பெண்கள் ஸும்பா ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மலையாளப் பாட்டு முடிந்து தமிழ்ப் பாட்டு ஆரம்பிக்கிறது. தாளம் ஏறுகிறது. “ஜம்ப்... ஜம்ப்” என்று பயிற்சியாளர் கைதட்ட, மொத்தக் கூட்டமும் குதிக்கிறது. கடைசி வரிசையில் இருப்பவர் மட்டும் குதிக்கவில்லை. அதே தாளத்துக்கு இடது, வலது என்று கால் மாற்றி வைத்துச் சமாளிக்கிறார்.

கறுப்பு டிராக் பேன்ட். வேறு நிறத்தில் அவர் வகுப்புக்கு வருவதே இல்லை. முந்தின இரவு ஒன்பது மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. பையில் மாற்று நாப்கின் எப்போதும் இருக்கும். ஊர் நாகர்கோவில். கணவருக்குக் காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை. இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். தும்மினால், குதித்தால், மூத்தவனை ஓடிப்போய்த் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. அம்மாவிடம் போனில் சொன்னதற்கு வந்த பதில்: “பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான் இருக்கும் மக்ளே. போகப் போகச் சரியாயிரும்.” டாக்டரிடம் அவர் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

இந்தியாவிலேயே பிரசவம் மிகப் பாதுகாப்பாக நடக்கும் மாநிலத்தில்தான் இது. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது கேரளத்தில் இறக்கும் தாய்மார் 19 பேர். இந்தியா முழுவதற்கும் எடுத்தால் அது 97. ஆஸ்பத்திரிப் பிரசவம் கேரளத்தில் 99.8 சதவிகிதம், தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதம் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. தாயையும் பிள்ளையையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்பும் காரியத்தை நம் இரு மாநிலங்களும் சாதித்துவிட்டன. வீட்டுக்குப் போனவள் அதன்பின் எப்படி இருமுகிறாள், எப்படிப் படியேறுகிறாள், கணவனோடு எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கை, பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு இருக்கிறது என்கிறது. பத்தில் ஒருவர் வரை மலத்தை அடக்க முடியாமல் தவிக்கிறார்கள். அந்த பார்ட்டி ஹாலில் குதித்துக்கொண்டிருந்தவர்களிலும் சிலர் கறுப்பு பேன்ட் போட்டிருந்தார்கள்.

உள்ளே என்ன ஆகிறது?

இடுப்பெலும்பின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. இடுப்புத்தளத் தசை என்று பெயர். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். சிறுநீரும் மலமும் வெளியேறும் வாசல்களை இறுக்குவதும் தளர்த்துவதும் அதன் வேலை. குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் இந்தத் தசையின் உள்விளிம்பு தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டார்கள். உடம்பின் வேறெந்தத் தசையையும் அவ்வளவு இழுத்தால் கட்டுப்போட்டுப் படுக்கவைத்துவிடுவோம்.

‘எனக்கு சிசேரியன், அதனால் அந்தத் தொல்லை இல்லை’ என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். பாதி நிம்மதிதான் நியாயம். கசிவுக்கான வாய்ப்பு சிசேரியனில் குறைகிறது, போய்விடுவதில்லை. மாதக்கணக்கில் கர்ப்பத்தின் பாரத்தை அந்தத் தசை சுமந்திருக்கிறது அல்லவா? போதாததற்கு வயிற்றுத் தையல். வெட்டித் தைத்த வயிற்றுச் சுவரின் உறுதியான சவ்வு, ஆறு வாரத்தில் பழைய பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மீட்கிறது. ஆறேழு மாதம் ஆனாலும் முழுசாகத் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதம், கேரளத்தில் 38.9 சதவிகிதம் பிரசவங்கள் சிசேரியன் என்னும்போது, இது எத்தனை வீட்டுக் கதை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றின் நடுவில் தசைகள் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் சாதாரணமாக நடப்பதுதான். முதல் பிரசவம் கண்ட 300 பெண்களை நார்வேயில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2016-ல் வெளியானது. ஆறாவது வாரத்தில் 60 சதவிகிதம் பேருக்கு அந்த இடைவெளி இருந்தது. ஒரு வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வயிறு இறங்கவில்லையே என்று கண்ணாடி முன் நின்று அழும் பெண், தொப்பையைக் கரைக்கிறேன் என்று ஆவேசமாக சிட்-அப் எடுக்கிறாள். எழும்போது வயிற்றின் நடுவே கூம்பாக மேடு தட்டினால், அந்தப் பயிற்சிக்கு உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

தீபிகா திரும்பினார், என்னால் ஏன் முடியாது?

சென்னையின் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கலுக்கு 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆறே மாதத்தில், 2022 ஏப்ரலில் கிளாஸ்கோ உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவோடு ஒன்று, சௌரவ் கோஷலோடு ஒன்று என இரண்டு பட்டங்கள் வென்றார். கேரளத்துக்காரர்களைக் கேட்டால் பி.டி.உஷாவைச் சொல்வார்கள். 1992-ல் மகன் பிறந்த பிறகு ஓட்டத்துக்குத் திரும்பிய அவர், 1998 ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வாங்கினார்.

பெருமைப்பட வேண்டிய பெண்கள். ஆனால், இவர்களின் படத்தைப் போட்டு ‘உன்னாலும் முடியும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பதினைந்து இருபது வருடம் பயிற்சியில் உரமேறிய உடம்புகள் அவை. தரையில் கால் வைக்கும் விதத்தைக்கூடத் திருத்திக்கொடுக்கப் பயிற்சியாளர்கள் பக்கத்தில் இருக்கும் வாழ்க்கை அது. இடப்பள்ளி அடுக்குமாடியிலோ அம்பத்தூர் வாடகை வீட்டிலோ இருப்பவளுக்கு ராத்திரித் தூக்கமே கிடையாது.

சாதாரண அம்மாக்களுக்கு என்ன கணக்கு? இது பற்றி முதன்முதலாக விரிவான கையேடு வெளிவந்ததே 2019-ல்தான். டாம் கூம், கிரான்யா டானலி, எம்மா பிராக்வெல் என்ற மூன்று பிசியோதெரபிஸ்ட்கள் பிரிட்டனில் தயாரித்தது. பிரசவத்துக்குப் பின் மூன்று மாதத்துக்குள் ஓட்டம் வேண்டாம், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உடம்பைச் சோதித்துப் பார்த்துத் தொடங்கலாம் என்பது அதன் சாரம். நாட்காட்டியை மட்டும் நம்பாமல் உடம்பையும் கேட்கச் சொல்வதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நம் ஊரில் நடப்பது வேறு. ஆறாவது வாரம் ‘எல்லாம் நார்மல்’ என்று சீட்டு எழுதியாகிவிடுகிறது. தையல் ஆறியிருக்கிறது, கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறது என்பதே அந்த ‘நார்மல்’. குதிக்கலாம், ஓடலாம், முப்பது கிலோ தூக்கலாம் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

---

பெட்டிச் செய்தி: ஓடும் முன் உடம்பைக் கேளுங்கள்

2019 கையேட்டில் உள்ள சோதனைகளில் சில. வலி, கசிவு, கீழே இழுக்கும் கனம் எதுவும் இல்லாமல் இவற்றைச் செய்ய முடிய வேண்டும்.

- 30 நிமிட நடை
- ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது
- ஒற்றைக் காலில் 10 முறை உட்கார்ந்து எழும் அசைவு, ஒவ்வொரு பக்கமும்
- நின்ற இடத்தில் ஒரு நிமிடம் மெல்லோட்டம்
- ஒற்றைக் காலில் 10 முறை நொண்டியடிப்பது, ஒவ்வொரு பக்கமும்

உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டியவை: சிறுநீரோ மலமோ கசிவது, பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி நிற்பதுபோலக் கனம், நின்றுபோன ரத்தப்போக்கு மறுபடி தொடங்குவது, இடுப்பிலோ தையலிலோ வலி.

---

ஒரு சொட்டுதானே என்று விட்டால்...

கசிகிற பெண் முதலில் கைவிடுவது தண்ணீரை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல், கிருமித் தொற்று. அடுத்தது மலச்சிக்கல். முக்கி முக்கிப் போவதால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத்தின் மேல் தினமும் அழுத்தம். கசிவைத் தவிர்க்கக் குடிக்காமல் இருந்தது கசிவிலேயே கொண்டுவந்து விடுகிறது.

அடுத்தது வெளியே போவதை. பஸ் பயணம், கல்யாண வீடு, கோயில் வரிசை எல்லாவற்றிலும் ‘பாத்ரூம் எங்கே’ என்பதே முதல் கேள்வி ஆகிவிடுகிறது. மட்டாஞ்சேரிப் பக்கம் ஐந்து வேளை தொழும் பெண்களுக்கு இன்னொரு வேதனையும் உண்டு. சொட்டு இறங்கினால், தொழுகைக்கு முன் செய்யும் வுளூ என்ற சுத்தம் முறிந்துவிடும். மறுபடி சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். எதற்காக அடிக்கடி எழுந்து போகிறாள் என்று வீட்டில் கேட்டால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

பிறகு, உடற்பயிற்சி. இங்கேதான் விஷயம் சொட்டை விட்டுப் பெரிதாகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கும் எளிய முறையை இந்தியா முழுக்கக் கொண்டுபோனவர் சென்னையின் டாக்டர் வி.சேஷய்யா. அந்தச் சோதனையில் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தவளுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று 2009-ல் ‘லான்செட்’ இதழ் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அவளுக்கு நாம் கொடுக்கும் முதல் அறிவுரை: “தினமும் வேகமா நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க.” வேகமாக நடந்தால் நனைகிறது. நிறுத்திவிடுகிறாள். அடுத்த செக்கப்பில் எடை கூடியிருக்கிறது, சோம்பேறி என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு வருகிறாள். அவள் நிறுத்தியதற்குக் காரணம் சோம்பல் அல்ல என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

படுக்கையறை அடுத்தது. கிழிந்து தைத்த இடத்தில் வலி. பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி. உறவு வேதனையாகிறது. கணவனுக்குக் காரணம் தெரியாது. அவளுக்கும் அதைச் சொல்ல வார்த்தை வராது. இது சிகிச்சையில் சரியாகக்கூடியது என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அடங்கியிருக்க வேண்டிய சண்டைகள் எத்தனையோ.

கடைசியாக, கர்ப்பப்பை இறக்கம். வலுவிழந்த தசையோடு வருடக்கணக்கில் பாரம் தூக்குகிறவளுக்கு உள்ளிருப்பவை மெல்ல இறங்குகின்றன. நேபாளத்தில் பிரசவம் முடிந்த கையோடு மலைப்பாதையில் சுமை தூக்கிய பெண்களிடையே இது எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இது பெண்களின் இனப்பெருக்க நல உரிமைப் பிரச்னை என்று தீர்ப்பளித்தது.

ஜிம்முக்குப் போகாதவர்கள்

‘பிரசவத்துக்குப் பின் உடற்பயிற்சி’ என்றவுடன் ஸும்பா வகுப்பு நினைவுக்கு வருகிறது. எனக்கு இடப்பள்ளியிலிருந்து மேற்கே, ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் டோபி கானா என்ற சலவைக்கூடமும் நினைவுக்கு வருகிறது.

டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-ல் வந்தது. வரிசையாகச் சிறு சிறு துவைக்கும் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கல். வெளியே மைதானத்தில் முறுக்கிக் கட்டிய கயிறுகள்; கிளிப் எதுவும் இல்லை, முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகினால் காற்றுக்கும் அசையாது. நனைந்த படுக்கை விரிப்புகளை வாரித் தோளில் போட்டு வெயிலுக்குக் கொண்டுபோவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஈரத்துணியின் கனம் தெரியும். குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் தூக்குகிறார்கள். ஜிம்மில் இதற்கு ‘டெட் லிஃப்ட்’ என்று பெயர் வைத்து, பிரசவித்தவள் எப்போது தொடங்கலாம் என்று கையேடு எழுதுகிறார்கள். இங்கே தூக்குகிறவளுக்குக் கையேடும் இல்லை, சம்பளத்தோடு விடுப்பும் இல்லை. 2017 சட்டத் திருத்தத்தில் வந்த 26 வார மகப்பேறு விடுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது.

துணிக்கடைப் பெண்களையும் விட்டுவிட முடியாது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான பி.விஜி ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கியபோது எழுப்பிய முதல் கோரிக்கை கழிப்பறை. காலை முதல் இரவு வரை நின்றே வேலை, ஒதுங்க இடமில்லை என்பதால் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் ‘இருக்கும் உரிமை’ப் போராட்டம். 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்கார நாற்காலி கொடுக்கச் சொன்னது. 2021-ல் தமிழ்நாடும் அதைச் செய்தது. இடப்பள்ளியின் மால்களிலும் புடவைக் கடைகளிலும் மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு, நாற்காலியும் கழிப்பறையும் வைத்தியத்தின் பகுதி. அவளுடைய இடுப்புத்தளம் மாலை நேரத்தில்தான் அதிகம் கனக்கும்.

பாட்டி வைத்தியம்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேரளத்தின் ‘பிரசவ ரக்ஷ’ பெரிய ஏற்பாடு. எண்ணெய் தேய்ப்பு, இலை போட்டுக் காய்ச்சிய வேதுக்குளியல், லேகியம், வயிற்றைச் சுற்றித் துணிக்கட்டு என்று ஒரு பெண்மணி வீட்டுக்கே வந்து கவனிப்பார். நம்மூரிலும் பத்தியச் சாப்பாடு, காய மருந்து, நாற்பது நாள் ஓய்வு. இதைப் பிற்போக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெற்றவளைக் கனம் தூக்கவிடாமல் உட்காரவைத்துச் சோறு போடும் ஏற்பாடு இது. அந்தத் தசைக்கு முதல் வாரங்களில் வேண்டியது அதுவே.

ஆனால், சிலவற்றை மாற்ற வேண்டும். மூச்சு முட்டும்படி வயிற்றைக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும் என்று பிசியோதெரபிஸ்ட்கள் எச்சரிக்கிறார்கள். ‘தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும்’, ‘பழம் குளிர்ச்சி’ என்று தடுப்பது மலச்சிக்கலில் கொண்டுவிடும். கட்டிலை விட்டு இறங்காத ஓய்வும் ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சிசேரியன் ஆனவளைக்கூட சீக்கிரமே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். வீட்டுக்குள் மெல்ல நடப்பதற்கு எந்தப் பத்தியமும் தடையில்லை.

‘இறுக்கிப் பிடிங்க’ என்றால் போதாது

இந்தத் தசைக்கான பயிற்சியை 1948-ல் மருத்துவ உலகுக்கு முறையாக எழுதிக் காட்டியவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல். அவர் பெயரிலேயே ‘கெகல் பயிற்சி’ என்கிறோம். யூடியூபில் ஆயிரம் வீடியோ கிடைக்கிறது. ஆனால், 1991-ல் 47 பெண்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்துச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். நால்வரில் ஒருவர் இறுக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார். அது கசிவை அதிகமாக்கக்கூடியது.

அதனால்தான், எல்லா அம்மாக்களிடமும் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து ‘கெகல் பண்ணுங்க’ என்று அனுப்புவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. கசிவைத் தடுக்கும் நோக்கில் பிரசவத்துக்குப் பிறகு எல்லாருக்கும் இதை வழக்கமாகத் தொடங்கிவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் 2022 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. கர்ப்ப காலத்திலேயே பழகுவதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. கசிவு வந்துவிட்டவர்களுக்கோ, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் செய்வதே முதல் சிகிச்சை என்கிறது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு. ஆக, யாருக்குத் தொல்லை இருக்கிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவளுக்கு ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும்.

---

பெட்டிச் செய்தி: சரியாகச் செய்வது எப்படி?

வாயு பிரியாமல் அடக்குவதுபோல் பின்வாசலையும், சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்வாசலையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். தொடை, புட்டம் இறுகக் கூடாது. மூச்சு நிற்கக் கூடாது. சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள், தளர்த்துவதும் பயிற்சிதான். நைஸ் சொல்லும் குறைந்தபட்ச அளவு: ஒரு வேளைக்கு 8 முறை, தினம் 3 வேளை.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். உறவின்போது வலி, உட்கார்ந்தால் வலி என்றால் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். பரிசோதிக்காமல் மேலும் இறுக்க வேண்டாம். கர்ப்பப்பை இறக்கத்துக்கு உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டியதில்லை. பயிற்சியும், ‘பெசரி’ என்னும் சிலிக்கான் வளையமும் பலருக்குக் கைகொடுக்கின்றன.

---

நாற்பத்திரண்டாம் நாள்

பிரான்ஸில் பிரசவித்த பெண்ணுக்கு இடுப்புத்தளப் பயிற்சி வகுப்புகளுக்கான செலவை அரசுக் காப்பீடே ஏற்கிறது. பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்று கேட்கலாம். நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் ஆன வீட்டுக்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் போக வேண்டும் என்பது தேசியத் திட்டம். சிசுவின் எடை, காய்ச்சல், பால் குடிப்பது எல்லாம் பார்க்கிறார்கள். அதே கடைசி வருகையில் அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்க ஐந்து நிமிடம் ஆகுமா? இருமினால் கசிகிறதா? கீழே கனமாக இருக்கிறதா? உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலிக்கிறதா?

ஆம் என்று சொன்னால் எங்கே அனுப்புவது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். அவர்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி கொடுத்து, பிரசவித்தவளையும் அவர்கள் பட்டியலில் சேர்க்கலாம். கேரளத்தில் வலுவான குடும்ப சுகாதார மையங்கள் இருக்கின்றன. புதிதாக எந்தக் கட்டடமும் கட்ட வேண்டியதில்லை.

அதுவரை, இதைப் படிக்கும் அம்மாக்கள் அடுத்த செக்கப்பில் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்தவுடனே, குழந்தையின் தடுப்பூசிப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே, “டாக்டர், எனக்குக் கசியுது. பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுங்க” என்று கேளுங்கள். எத்தனை மாதம், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் கேட்கலாம். மகள் போனில் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது அந்தப் பக்கம் இருக்கும் அம்மாக்களே, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள். உங்களுக்கும் அதே தொல்லை இருந்தால், இரண்டு பேருக்கும் சேர்த்துச் சீட்டு வாங்குங்கள்.